டி.கே. என்றால்... அந்த ‘டி’ நம்ம தாமல்!

ஆண்டு மலர் கையில் கிடைத்ததும் நாம் முதலில் தேடுவது குரூப் போட்டோவில் நம்ம மூஞ்சி எங்கே இருக்கிறது என்றுதான். அடுத்தது ஜோக்ஸ் பக்கம். ‘வாழ்க்கை வரலாறு’ என்று பார்த்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். எனக்கும் தெரியும், நானும் அப்படித்தான். ஆனாலும் ஒரு பத்து நிமிஷம் கொடுங்கள். இது நம்ம ஊர் சமாச்சாரம்.

காஞ்சிபுரத்தில் வேலூர் பஸ் ஏறி, பாலுசெட்டி சத்திரம் தாண்டினால் தாமல். பெரிய ஏரி, வராகீஸ்வரர் கோயில், நெடுஞ்சாலையில் இரவு பகலாக ஓடும் லாரிகள். நம்ம வகுப்பிலேயே தினமும் அங்கேயிருந்து வருகிறவர்கள் உண்டு. அந்தப் பசங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். டி.கே.பட்டம்மாள் என்ற பெயரில் ‘டி’ என்றால் என்ன? ஒருத்தன் துரைசாமி என்றான். ஒருத்தன் தனபால் என்றான். ஒருத்தன், அவங்க யாருடா என்று என்னையே திருப்பிக் கேட்டான்!

அந்த ‘டி’ தாமல்தான். தாமல் கிருஷ்ணசுவாமி தீட்சிதரின் மகள் என்பதால் டி.கே.பட்டம்மாள். ஒரு கிராமத்தின் பெயர் இனிஷியலாக உட்கார்ந்துகொண்டு, சென்னை சபாக்களிலும், டெல்லி விருது மேடைகளிலும், ஐரோப்பா, அமெரிக்கா கச்சேரி அரங்குகளிலும் வலம் வந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

பாடத் தெரிந்த அம்மா

1919-ஆம் ஆண்டு மார்ச் மாதம் காஞ்சிபுரத்தில் பிறந்தார் பட்டம்மாள். வீட்டில் வைத்த பெயர் அலமேலு. செல்லமாகப் பட்டா. அப்பா கிருஷ்ணசுவாமி தீட்சிதருக்குச் சங்கீதத்தில் ஈடுபாடு அதிகம். அம்மா காந்திமதி என்கிற ராஜம்மாள் நன்றாகவே பாடக்கூடியவர். ஆனால் மேடை ஏறுவது இருக்கட்டும், சொந்தக்காரர்கள் முன்னால், சிநேகிதிகள் முன்னால் பாடுவதற்குக்கூட அவருக்கு அனுமதி இல்லை. ஆசாரமான குடும்பம். அந்தக் காலத்துக் கட்டுப்பாடு அப்படி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். பெண்கள் யாருமே அப்போது பாடவில்லையா என்றால், பாடினார்கள். பிரமாதமாகப் பாடினார்கள். வீணை தனம்மாள் இருந்தார். நம்ம காஞ்சிபுரத்திலேயே தனகோடி அம்மாள் இருந்தார். இவர்கள் பரம்பரை பரம்பரையாகச் சங்கீதத்தைக் காப்பாற்றி வந்த குடும்பத்துப் பெண்கள். அவர்களுடைய பாட்டைக் கேட்ட சமூகம் பாட்டுக்குக் கைதட்டியது, பாடியவருக்கு மரியாதை தரவில்லை. அதே சமூகம், மற்ற வீட்டுப் பெண்கள் பாடினால் குடும்பத்துக்கே கெட்ட பெயர் என்று கதவைச் சாத்தியது. இரண்டு பக்கமும் நஷ்டம் பெண்களுக்குத்தான். ராஜம்மாளின் குரல் சமையலறையைத் தாண்டவில்லை. அந்தக் குரல் எப்படி இருந்தது என்று சொல்ல இன்றைக்கு ஒரு இசைத்தட்டுகூடக் கிடையாது.

அந்த அம்மாவின் பெண்தான் பட்டா.

நோட்டுப் புத்தகமே குரு

முறையான குருகுல வாசம் அந்தச் சிறுமிக்குக் கிடைக்கவில்லை. தெலுங்கு பேசும் ஒரு வாத்தியார் வந்து கொஞ்சம் சொல்லிக் கொடுத்தார். மற்றதெல்லாம் கேள்வி ஞானம். ஊரில் எங்கே கச்சேரி நடந்தாலும் போய் உட்கார்ந்து கேட்பது. வீட்டுக்கு வந்ததும் மறக்குமுன்னே எழுதி வைப்பது. எந்த ராகம், எந்தப் பிடி, எந்த சங்கதி என்று நினைவிலிருந்து இறக்கி வைப்பது. தம்பிகளும் இந்த வேலையில் கூட நின்றார்கள். ரங்கநாதன், நாகராஜன், ஜெயராமன் என்று மூன்று தம்பிகளுமே பாடக்கூடியவர்கள்.

நம்மில் எத்தனை பேர் லெக்சர் முடிந்த அன்றைக்கே நோட்ஸ் எழுதுகிறோம்? பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி ஜெராக்ஸ் கடையில் கியூ நிற்கிறவர்கள்தானே நாம்! டேப் ரிக்கார்டரே இல்லாத காலத்தில், ஒரு தடவை காதில் விழுந்ததை வைத்தே பாடம் செய்த சிறுமியை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எட்டு வயதில் காஞ்சிபுரத்தில் ஒரு பாட்டுப் போட்டி. பட்டா பாடியது தியாகராஜரின் ‘ரக்ஷ பெட்டரே’. பைரவி ராகம். பெரிய வித்வான்களே பயபக்தியோடு தொடும் ராகம் அது. பரிசு பட்டாவுக்கு. கவனியுங்கள், பாட்டின் மொழி தெலுங்கு. வீட்டில் பேசுவது தமிழ்.

மாஸ்கோவிலும் இதே கதைதான்

பாட்டுப் போட்டி என்றால் நமக்கு டி.வி. நிகழ்ச்சிதான் ஞாபகம் வரும். உலகத்தில் ஆபரா பாடகர்களுக்கென்றே பெரிய பெரிய போட்டிகள் இருக்கின்றன. ஆபரா என்றால் முழுக்க முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம், நம்ம ஊர் தெருக்கூத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக் கிடையாது. முழு வாத்தியக் குழுவையும் தாண்டி ஒற்றைக் குரல் கடைசி வரிசைக்குப் போக வேண்டும்.

ரஷ்யாவில் சைகோவ்ஸ்கி என்ற இசை மேதையின் பெயரில் ஒரு சர்வதேசப் போட்டி. 1958-இல் பியானோவுக்கும் வயலினுக்குமாக மாஸ்கோவில் ஆரம்பித்தது. 1966-இல் வாய்ப்பாட்டும் சேர்ந்தது. அந்த முதல் தடவையிலேயே பெண்கள் பிரிவில் முதல் பரிசு வாங்கியவர் ஜேன் மார்ஷ் என்ற அமெரிக்கப் பெண். அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த நேரம் அது! அடுத்து 1989-இல் பிரிட்டனில் கார்டிஃப் நகரத்துப் போட்டியில் சைபீரியாவிலிருந்து வந்த ஹ்வோரொஸ்தோவ்ஸ்கி ஜெயித்தார். பிறகு அவர் மூலமாக ரஷ்யப் பாட்டுகள் உலகமெங்கும் கேட்டன.

இந்தப் போட்டிகளுக்குத் தயாராகிறவர்களுக்குக் குரல் மட்டும் இருந்தால் போதாது. சைகோவ்ஸ்கியின் ‘யூஜின் ஒனேகின்’ என்றால் ரஷ்ய மொழியில் பாட வேண்டும். துவோர்ஷாக்கின் ‘ருசால்கா’ என்றால் செக் மொழி. இவை ஸ்லாவிய மொழிகள். மெய்யெழுத்துகள் நெருக்கமாக அடுக்கி வரும். ரஷ்ய மொழியில் ‘ஓ’ என்று எழுதியிருந்தாலும் அழுத்தம் விழாத இடத்தில் அது ‘அ’ மாதிரி ஒலிக்கும். எழுத்தைப் பார்த்து அப்படியே பாடினால் அந்த ஊர்க்காரன் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவான். அதனால் வெளிநாட்டுப் பாடகர்கள் ஒரு பாட்டுக்காக வார்த்தை வார்த்தையாக, அர்த்தத்தோடு அந்த மொழியைப் படிக்கிறார்கள்.

நம்ம பட்டம்மாள் செய்ததும் அதேதான். தமிழில் ஒரே ஒரு ‘க’. தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் நாலு. அதனால்தான் தமிழ்நாட்டுப் பாட்டுப் புத்தகங்களில் எழுத்துக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பொடி எண்கள் போட்டிருப்பார்கள். எந்த ‘க’ என்று காட்டுவதற்கு. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் இன்னும் கஷ்டம். சமஸ்கிருதத்தில் ரயில் பெட்டி மாதிரி நீளமாகக் கோத்த சொற்கள். நடையோ மெதுவானது. மூச்சு வாங்குகிறேன் என்று தப்பான இடத்தில் வெட்டினால் அர்த்தமே மாறிப்போகும். அந்தக் கீர்த்தனைகளை தீட்சிதர் பரம்பரையில் வந்த அம்பி தீட்சிதரிடமும், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான டி.எல்.வெங்கடராமய்யரிடமும் பாடம் பண்ணினார் பட்டம்மாள். அப்பாதுரை ஆச்சாரியிடம் திருப்புகழ் கற்றார். பாபநாசம் சிவனின் பாட்டுகளை அவரிடமிருந்தே கற்றார். தீட்சிதர் கீர்த்தனை என்றால் பட்டம்மாள் பாடம்தான் சுத்தம் என்று பிறகு வித்வான்களே சொல்லும்படி ஆனது.

பரிசு ஒரே நாளில் கிடைத்தது. இந்தச் சரக்கு சேர்வதற்குப் பல வருஷம் ஆயிற்று.

போட்டோ வந்தது, கவலையும் வந்தது

பத்து, பதினோரு வயதிலேயே சென்னை மாநகராட்சி நடத்திய வானொலியில் பாடினார். 1932-இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் முதல் கச்சேரி. அடுத்த வருஷம் குடும்பமே சென்னைக்குக் குடி பெயர்ந்தது. ஆனால் இதெல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. பத்திரிகையில் பெண்ணின் போட்டோ வந்தபோதும், கிராமபோன் கம்பெனி இசைத்தட்டு கேட்டு வந்தபோதும் அப்பாவுக்குச் சந்தோஷத்தைவிடக் கவலை அதிகம். இப்படி ஊரறியப் பாடுகிற பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்? குடும்ப நண்பரான ஒரு டாக்டர்தான் தைரியம் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். 1939-இல் ஈசுவரன் என்பவரோடு திருமணம் நடந்தது. கணவர் பாட்டுக்குக் குறுக்கே நிற்கவில்லை, துணையாக நின்றார். திருமணத்துக்குப் பிறகும் அந்தக் குரல் ஓயவில்லை.

பல்லவி பட்டம்மாள்

இனிமேல் சொல்லப் போவதுதான் முக்கியமான விஷயம். சாத்தியிருந்த கதவு ஒன்று போதாதென்று, உள்ளே இன்னொரு கதவும் இருந்தது.

கர்நாடகக் கச்சேரியில் ராகம் தானம் பல்லவி என்று ஒரு பகுதி உண்டு. ஒரே ஒரு வரிதான் பல்லவி. அதைத் தாளத்துக்குள் உட்கார வைத்து, அதே தாளம் மாறாமல் ஓடிக்கொண்டிருக்க, பாட்டை மட்டும் இரட்டிப்பு வேகத்தில், நாலு மடங்கு வேகத்தில் பாடி, ஒவ்வொரு தடவையும் ஆரம்பித்த இடத்துக்கே துல்லியமாக வந்து சேர வேண்டும். மெக்கானிக்கல் பசங்களுக்குச் சுலபமாகப் புரியும். மெயின் ஷாஃப்ட் ஒரே வேகத்தில் சுற்றுகிறது, நீங்கள் கியரை மட்டும் மாற்றுகிறீர்கள். ஒரு பல் தவறினாலும் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். கையில் தாளம், மனசில் கணக்கு, வாயில் ராகபாவம். மூன்றும் ஒரே சமயத்தில்.

தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி சொல்கிறேன். நம்ம பட்டில் கோர்வை என்கிறோமே, உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து இழைக்கு இழை பிடித்துச் சேர்க்கும் அந்த வேலை. சங்கீதத்திலும் கோர்வை என்ற சொல் இருக்கிறது. சுரக் கணக்கைக் கோத்துக்கொண்டு வந்து பல்லவி எடுக்கும் இடத்தில் பொருத்துவதற்கு அதுதான் பெயர். இரண்டிலும் ஒரு இழை தப்பினால் பார்க்கிறவன் கண்ணில் பட்டுவிடும்.

இந்தக் கணக்கு வேலையில் சிங்கம் நம்ம காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889-1934). முன்னே சொன்ன தனகோடி அம்மாள் இவருடைய தாயின் சகோதரி. இளமையில் குஸ்தி, விளையாட்டு என்று திரிந்துவிட்டுப் பிறகு சங்கீதத்தில் இறங்கியவர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று ஏகப்பட்ட பக்கவாத்தியங்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில் தாளத்தை ஆளுவார். காஞ்சிபுரத்தில் அவர் வருஷா வருஷம் தியாகராஜர் உற்சவம் நடத்தினார். அங்கே போய் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்ட குழந்தைகளில் பட்டாவும் ஒருத்தி. நயினாப் பிள்ளை பாட்டு இசைத்தட்டில் இல்லை. காதில் வாங்கியவர்கள் வழியாகத்தான் அது அடுத்த தலைமுறைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் பல்லவி என்பது ஆண்களின் சொத்து. பெண்களுக்குக் குரல் உண்டு, கணக்கு வராது என்று ஒரு எண்ணம். ராகம் பாடலாம், கீர்த்தனை பாடலாம், பதம் பாடலாம். பல்லவிக்கு மட்டும் கை நீட்டக்கூடாது! பட்டம்மாள் இதற்காக யாரோடும் சண்டைக்குப் போனதாகத் தெரியவில்லை. உட்கார்ந்து பயிற்சி செய்தார். வித்யால நரசிம்மலு நாயுடுவிடம் பாடம் கேட்டார். பிறகு மேடையில், நிறைந்த சபையில், கஷ்டமான தாளங்களில் பல்லவி பாடினார். தாளம் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரிய வித்வான்கள் தலையாட்டினார்கள். ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயரே வந்துவிட்டது. டைகர் வரதாச்சாரியார் அவருக்கு ‘கான சரஸ்வதி’ என்ற பட்டம் கொடுத்தார்.

பெண்கள் கச்சேரிக்கு வாசிப்பதில்லை என்று இருந்த மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், பட்டம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். பின்னால் மணி ஐயரின் மகள் லலிதா, பட்டம்மாளின் மகன் சிவகுமாருக்கு மனைவியாக வந்தார். சம்பந்தியே ஆகிவிட்டார்கள்!

நாட்டுக்காகவும் ஒரு குரல்

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் தேசியப் பாட்டு பாடுவதே வம்பை விலைக்கு வாங்குவது. பட்டம்மாள் கச்சேரி மேடையில் பாரதியார் பாடல்களைப் பாடினார். சினிமாவில் பாடக் கூப்பிட்டபோது பக்திப் பாட்டும் தேசப் பாட்டும் என்றால் மட்டும் சம்மதித்தார். 1939-இல் வந்த ‘தியாக பூமி’ படத்தில் அவர் குரல் ஒலித்தது. அந்தப் படத்தையே அரசாங்கம் தடை செய்தது. சுதந்திரம் கிடைத்த 1947-இல் ஏ.வி.எம்.மின் ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாட்டைப் பாடினார். குமாரி கமலா ஆட, அந்தப் பாட்டு பட்டி தொட்டியெல்லாம் பரவியது. சுதந்திரம் வந்த நாளில் வானொலியிலும் பாரதியைப் பாடினார். காஞ்சிபுரத்துப் பெண் குரலில் சுதந்திரச் செய்தி வந்தது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

விருதுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1961-இல் சங்கீத நாடக அகாதெமி விருது. 1970-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. 1971-இல் பத்ம பூஷண். 1998-இல் பத்ம விபூஷண். எம்.எஸ்.சுப்புலட்சுமி, எம்.எல்.வசந்தகுமாரி, டி.கே.பட்டம்மாள் மூவரையும் பெண் மும்மூர்த்திகள் என்றே சொல்வார்கள். தம்பி ஜெயராமனுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தார், கூடவே பாட வைத்தார். 1990-இல் ஜெயராமனும் சங்கீத கலாநிதி ஆனார். தாமல் இனிஷியலுக்கு இரண்டு கலாநிதி! ஆனால் அடுத்த வருஷமே தம்பி போய்விட்டார். அந்தத் துக்கத்தையும் தாங்கிக்கொண்டு அக்கா பாடிக்கொண்டிருந்தார். 2009 ஜூலை 16 அன்று, தொண்ணூறு வயதில் சென்னையில் காலமானார். பேத்தி நித்யஸ்ரீயின் குரலில் அந்தப் பாடாந்தரம் தொடர்கிறது.

கடைசியாக ஒரு வார்த்தை

இதை ஏன் டிப்ளமோ படிக்கிற நமக்குச் சொல்கிறேன்? இரண்டே காரணம்.

ஒன்று, நாமும் போட்டிக்குப் போகிறோம். பிராஜெக்ட் கண்காட்சி, பேப்பர் பிரசன்டேஷன், வேலைக்கு இன்டர்வியூ. ஜெயித்தால் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறோம், தோற்றால் நடுவர் சரியில்லை என்கிறோம். எட்டு வயதுப் பரிசோடு பட்டா நின்றிருந்தால் இன்றைக்கு யாருக்கும் அவரைத் தெரியாது. பரிசுக்கு மறுநாளும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். நம்ம ஒர்க்ஷாப்பில் லேத்தில் நின்று கை பழகுவதும் அதே மாதிரிதான். மார்க் வந்த பிறகும் கை வேலை கற்றுக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது, ராஜம்மாள். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு கனக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு குரல். ஒன்று உலகம் பூராவும் கேட்டது, இன்னொன்று சுவருக்குள்ளேயே முடிந்துபோனது. நம்ம வகுப்பில் ஃபிட்டிங் ஷாப்பில் பெண் பிள்ளைகள் ஃபைலை எடுத்தால் இன்றைக்கும் சிரிக்கிற பசங்க இருக்கிறார்கள். கணக்கு வராது, கனமான வேலை வராது என்று யாராவது ஆரம்பித்தால், பல்லவியைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள் என்று ஞாபகப்படுத்துங்கள். வீட்டில் அம்மா தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இழை முடிகிறார்களா, ஏதாவது முணுமுணுத்துப் பாடுகிறார்களா? இன்றைக்கு ராத்திரி ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். செல்போனில் பதிவும் பண்ணிக்கொள்ளுங்கள். ராஜம்மாளுக்கு அது கிடைக்கவில்லை.

அடுத்த தடவை வேலூர் பஸ்ஸில் கண்டக்டர் தாமல் இறங்கு என்று குரல் கொடுக்கும்போது, அது ஒரு இனிஷியலும்கூட என்பது ஞாபகம் வந்தால் எனக்குப் போதும்.